எட்டாம் வகுப்புக்கு மூன்று புடவை

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பாலைக் காய்ச்சிவிட்டு, அரிசி களைந்து குக்கரில் வைப்பேன். என் மகள் எப்சிபா எழுந்து பாயைச் சுருட்டுவாள். தறியின் மேல் போர்த்தியிருக்கும் பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் உதறுவாள். கொண்டுவந்து மறுபடி போர்த்துவாள். நான் இரண்டு டப்பாவில் சோறு கட்டுவேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் டீ குடித்துக்கொண்டே டிவி போடுவாள். "கதவ சாத்திக்கோ" என்பேன். "உம்" என்பாள். தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். ஏறி உட்கார்ந்தால் ஒரகடம் வரை தூங்குவேன்.

கிரேஸ் இறந்தபிறகு எட்டு மாதம் இப்படிப் போனது.

கிரேஸ் என் மனைவி. தறி அவளுடையது. போன செப்டம்பரில் ஒரு நாள் தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் அவள் இல்லை. தறியில் அப்போது ஒரு புடவை பாதியில் நின்றது. அது அப்படியே இருந்தது. நானும் அதைத் தொடவில்லை.

எப்சிபாவுக்குப் பதின்மூன்று வயது. ஏழு வயதில் அவள் இடுப்பு எலும்புக்கு ரத்தம் போவது நின்றது. இரண்டு வருடம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். அந்த இரண்டு வருடமும் கிரேஸ் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தாள். கால் ஓரளவு தேறியதும் பள்ளியில் சேர்த்தோம். ஒரு மாதம் போனாள். அங்கே நடத்திக்கொண்டிருந்த பாடங்களை அவள் எப்போதோ முடித்திருந்தாள். "சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு நம்ம வூட்லயே உக்காந்துக்கறேன்" என்றாள். கிரேஸ் வற்புறுத்தவில்லை. வீட்டிலேயே படிக்கட்டும், எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதட்டும் என்று முடிவு செய்தாள். நான் சரி என்றேன். நான் பி.எஸ்சி. இயற்பியல். கிரேஸ் ஒன்பதாவதோடு நின்றவள். பாடம் நடத்தியது அவள். நான் ஷிப்டில் இருந்தேன்.

மே மாதம் கிரேஸின் அண்ணன் தாவீது அரக்கோணத்திலிருந்து வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"மாப்ள, நீ காலைல போனா ராத்திரி வர. பொண்ணு நாள்பூரா டிவி முன்னாடி கெடக்குது. எந்தங்கச்சி இருந்தா இத பாத்துக்கினு இருப்பாளா?"

"இருக்க மாட்டா."

"அப்புறம்?"

அவரே தொடர்ந்தார். வேலூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. தாளாளர் தெரிந்தவர். சொன்னால் இடம் கொடுப்பார்.

சமையலறையிலிருந்து எப்சிபாவின் குரல் வந்தது. "நான் ஆஸ்டலுக்குப் போமாட்டேன்."

"புக்க தொட்டு எட்டு மாசம் ஆவுது. எந்த மொகரைய வெச்சிக்கினு சொல்ற?"

"எங்கம்மா மொகரையத்தான். எல்லாரும் அப்டித்தான சொல்றீங்க, அப்டியே அம்மா மொகம்னு."

தாவீது சிரித்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் இறங்கி வந்தார். ஆகஸ்டில் தனித்தேர்வு. அதில் அவள் தேறினால் வீட்டிலேயே படிக்கட்டும். தேறாவிட்டால் முடிவு வந்த மறுநாள் அவரே வந்து விடுதிக்கு அழைத்துப் போவார். அதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கச் சொல்வார்.

"சரியாம்மா?"

"சரி மாமா."

அவர் போனபிறகு நான் யோசித்தேன். இவளும் போய்விட்டால் மோட்டார் போட நான் இருப்பேன், தொட்டித் தண்ணீரைச் செலவழிக்க ஆள் இருக்காது. எனக்குத் தோன்றியது அதுதான்.

மறுநாளே அட்டவணை போட்டேன். விட்டுப்போன எட்டு மாதப் பாடங்களையும் மீதியுள்ள மூன்று மாத நாட்களையும் எழுதி வகுத்தேன். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று வந்தது. ஐந்து புத்தகத்திலும் முதல் பாடத்திலிருந்து தொடக்கம். அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். போனில் பாட வீடியோக்களை இறக்கிக் கொடுத்தேன். விடுமுறை நாளில் நானே எதிரில் உட்கார்ந்து விளக்கினேன். அவள் தலையாட்டினாள். மறுநாள் கேட்டால் ஒன்றும் வராது. அறிவியலில் ஒரு பக்கம் வரை வந்தாள். விசையும் அழுத்தமும் என்ற பாடத்தின் நடுப்பக்கம். அங்கே புத்தகத்தை மூடினாள்.

"இதுக்கு மேல வேணாம்."

"ஏன்?"

"வேணாம்பா."

மூன்று வாரம் அந்தப் பக்கத்திலேயே போனது. அட்டவணைப்படி நாங்கள் எண்பது பக்கம் தள்ளிப் போயிருக்க வேண்டும்.

ஜூன் மாதம் வீரபத்திரன் வந்தார். கிரேஸுக்கு நெசவு வேலை கொடுத்த ஆதிகேசவன் முதலாளியின் ஆள். பாவு முதலாளியுடையது, தறியில் நீளவாட்டத்தில் ஓடும் பட்டு இழை மொத்தமும் அவர் கொடுத்தது. ஒரு பாவில் மூன்று புடவை நெய்து கொடுக்க வேண்டும். முதலாளி இத்தனை மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது எலி கடித்துவிடும் என்ற பயம்.

வீரபத்திரன் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். வேட்டியை விலக்கினார். நின்றுபோன புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

எப்சிபா வந்து தறிக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "அண்ணா, அத அறுக்காதீங்க."

"மொதலாளி பாவும்மா. அம்மா நெய்ஞ்ச வரைக்கும் அறுத்துட்டு மீதிய சுருட்டிக்கினு போவணும்."

"அறுத்தா நான் எட்டாவது எப்டி எழுதறது?"

வீரபத்திரன் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

அவள் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். எட்டாவதுக்கு மூன்று புடவை. கிரேஸ் பாவு ஏற்றிய அன்றே பாடங்களை மூன்றாகப் பிரித்துவிட்டாள். புடவை நகர நகரப் பாடம் நகரும். ஒரு புடவை முடிந்து தறியிலிருந்து அறுக்கும் அன்று பரீட்சை. பிறகு அடுத்த புடவை, அடுத்த பாடங்கள். நாலாவதிலிருந்து இப்படித்தான். முதல் புடவை அழுத்தப் பாடத்தின் நடுவில் நிற்கிறது. அது நகராமல் பாடம் எப்படி நகரும்?

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். இது எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் வீரபத்திரன். "நாலு புள்ளைங்கள படிக்க வெச்சேன். ஒன்னுகூட பொடவக் கணக்குல படிக்கல. அதான் ஒன்னும் உருப்படல போலருக்குது." கத்தரிக்கோலைப் பையில் போட்டார். "பாவு மொத்தத்தையும் நெய்ஞ்சு முடிக்க ஒரு ஆளப் புடிங்க. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒருவர் பாதி நெய்த புடவையில் இன்னொருவர் உட்கார மாட்டார். குறுக்கே ஓடும் ஊடை இழையைத் தட்டிச் சேர்ப்பதில் ஆளுக்கு ஒரு கனம் உண்டு. கை மாறினால் மாறிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பெயர் வாங்க யாரும் விரும்புவதில்லை. மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் கிரேஸைப் பற்றி நல்லபடியாகப் பேசிவிட்டு மறுத்தார்கள்.

எப்சிபா என்னிடம் சொல்லாமல் காலை இழுத்து இழுத்து அடுத்த தெருவுக்குப் போனாள். நதியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நதியாவுக்கு முப்பத்தெட்டு வயது. நெசவில் கிரேஸுக்குச் சமம். பேச்சில் அவளைப் போல் மூன்று மடங்கு. அவள் வீட்டுத் தறி புது டிசைன் அட்டை வராமல் சும்மா இருந்தது.

"எப்சி அப்பா, உம்பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து இன்னா சொன்னா தெரியுமா? 'அக்கா, நீ நெய்யலன்னா என்ன வேலூர்ல கொண்டுபோயி உட்டுருவாங்க'ன்றா. போலீஸ்ல புடிச்சிக் குடுக்கற மாரி சொல்றா! எம்பேர்ல பாவம் வந்துரும்னு பயந்துக்கினு வந்தேன்."

"கோடு விழுமே" என்றேன்.

"வுழும். மொதலாளி கேட்டா ஆதிகேசவன் பொடவக்கி நதியா போட்ட கையெழுத்துன்னு சொல்லு."

தறியில் கிரேஸ் ஒட்டிவைத்த சிலுவை ஸ்டிக்கர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நதியா குங்குமம் வைத்தாள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். ஊடை இழையை இழுத்துக்கொண்டு போகும் நாடாவை ஓட்டினாள். ஒன்பது மாதம் கழித்து வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள். "அக்கா, அம்மா ரெண்டு தட்டு தட்டும். நீ ஒன்னுதான் தட்ற."

"ஒன்னுலயே உக்காந்துடுச்சி. எதுக்கு ரெண்டு?"

"கோடு பெருசா வுழும்."

"உங்கம்மா மாரி தட்டணும்னா உங்கம்மாதான்டி வரணும்."

சொன்ன பிறகு நதியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. உன் மாரியே தட்டு" என்றாள் எப்சிபா. அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். தறியின் எதிர்ப்பக்கத்தில், சுவரோரமாக ஒரு பலகை கிடக்கும். அதில் உட்கார்ந்தாள். அந்த நடுப்பக்கத்தைத் திருப்பினாள். தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

கிரேஸ் எப்படிப் பாடம் நடத்தினாள் என்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

அவள் நடத்தவே இல்லை. நெய்கிறவளுக்குக் கண் துணியில் இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்க்க முடியாது. எப்சிபாதான் வாசித்தாள், விளக்கினாள். கிரேஸ் கேட்டாள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றாள். ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் புரிகிறவரை இவள் சொல்லியாக வேண்டும். இழை அறுந்து கிரேஸ் முடிச்சுப் போடும் நேரத்தில் இவள் கணக்குப் போட வேண்டும். ஆறு வருடம் இந்த வீட்டில் வாத்தியார் எப்சிபா. நான் எதிரில் உட்கார்ந்து விளக்கியபோது அவளுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

நதியா கேள்வி கேட்கப் பிறந்தவள்.

"ஊசி குத்துது, வெரலு குத்தல. இத சொல்ல ஒரு புக்கா?"

"அக்கா, இரு. நம்ம தலமேல இருக்கற காத்துக்குக் கனம் இருக்குது. அது நம்மள அழுத்துது."

"எவ்ளோ?"

எப்சிபா சொன்னாள்.

"அவ்ளோ கனம் இருந்தா நாம ஏன் நசுங்கல?"

எப்சிபா அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாள், ஆறாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்தாள். தேடினாள். நதியா நெய்துகொண்டே இருந்தாள். கடைசியில் எப்சிபா நிமிர்ந்தாள்.

"உள்ள இருந்தும் அதே அளவு தள்ளுது. அதான் நசுங்கல."

"எங்க வூட்டுக்காரரு தலமேல மட்டும் கனமே இல்லாம திரியறாரே, அது எப்டி?"

"அது சிலபஸ்ல இல்லக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்பது மாதத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கேட்டேன்.

அன்று மாலை அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். நதியா கேட்கும் கேள்விதான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டியது. எப்சிபா பின்னால் போய் அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுத் திரும்பினாள். முதல் பாடத்திலிருந்து என்ற என் யோசனை நினைவுக்கு வந்தபோது சங்கடமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஐந்து புத்தகங்களையும் தரையில் பரப்பினாள். பென்சிலால் சில பாடங்களை அடித்தாள்.

"இன்னா பண்ற?"

"இதெல்லாம் உட்டுடப் போறேன். எல்லாத்தையும் புடிக்க முடியாதுப்பா."

"அதுல கேள்வி வந்தா?"

"வரட்டும். முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். நூறுக்குப் படிக்கப் போனா அந்த முப்பத்தஞ்சும் வராது."

எந்தப் பாடத்தை விடுவது என்பதில் அவள் என்னைக் கேட்கவில்லை. நான் கம்பெனியில் தரப்பரிசோதனையில் இருக்கிறேன். எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னால் அந்தப் பென்சிலைப் பிடித்திருக்க முடியாது.

கணக்கு மட்டும் வேண்டாம் என்றாள் நதியா. "அது கேட்டா எனக்கு இழை அறுந்துபோவுது. உங்கப்பாவ புடி."

எனக்கும் விதி சொல்லப்பட்டது. "நீ சொல்லாதப்பா. கேளு. கைல வேல இருக்கணும்." நான் வெங்காயம் உரித்தேன். அவள் கூட்டுவட்டியை விளக்கினாள். நான் இடையிடையே புரியவில்லை என்றேன்.

"நடிக்கற."

"இல்ல."

"நடிக்கற. உனக்குப் புரியலன்னா புருவம் இப்டிப் போவும்."

பிறகு வடிவியல் வந்தது. நாற்கரம் வரைவது நிஜமாகவே மறந்துபோயிருந்தது. நான்கு முறை சொல்லவைத்தேன். நாலாவது முறை சொன்னபோது அவளுடைய பிழையை அவளே பிடித்தாள். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இருபது வயதில் கல்லூரியில் எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

ஜூலை முதல் வாரத்தில் முதல் புடவை முடிந்தது. நதியா அறுத்துக் கொடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். குறுக்கே ஒரு கோடு, மயிரிழை அளவுக்கு.

"பாரு. இது வரைக்கும் உங்கம்மா. இதுலேருந்து நானு."

எப்சிபா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "பரவால்லக்கா. பக்கத்துல வந்து பாத்தாத்தான் தெரியுது" என்றாள். பிறகு பரீட்சை என்றாள். அறுக்கும் அன்று பரீட்சை. கேள்விகளை நான் எடுத்தேன். அவள் எழுதினாள். அன்றைக்குப் பார்த்து தாவீது வந்தார். திருத்திய தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"இங்கிலீஷ் இருவத்தெட்டு. சோசியல் முப்பத்தொன்னு. இன்னாம்மா இது? தறிகிட்ட உக்காந்து கத்தறதெல்லாம் ஒரு படிப்பா?"

"மாமா, நீங்க எட்டாவது எத்தினி வாட்டி எழுதனீங்க?"

"அத யாரு சொன்னது?"

"அம்மா. மூணுவாட்டின்னு."

"ரெண்டுவாட்டிதான்" என்றார் தாவீது. "மூணாவது வாட்டி ஒடம்பு சரியில்ல." அவர் முகம் உடனே மாறியது. "வெளையாட்டு இல்லம்மா. ஆகஸ்டுல இதே மார்க்க எடுத்தா நான் வந்து நிப்பேன். அப்ப அழக்கூடாது."

"அழ மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் புடவை கால்வாசி வந்தபோது நதியாவுக்கு டிசைன் அட்டை வந்துவிட்டது. அவள் தன் தறிக்குத் திரும்ப வேண்டும். அவள் வீட்டுச் சோறு அதில்தான். எப்சிபாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "எதுனா ஒன்னு பண்ணலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். தறி மறுபடி நின்றது. தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். விடுதிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் எண்ணினேன். பக்கெட், தட்டு, போர்வை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். எப்சிபாவும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க?"

"நதியாக்கா வூட்டுக்கு."

"நம்ம பொடவை?"

"அது நிக்கட்டும். மொதலாளிகிட்ட வீரபத்திரண்ணா சொல்லிக்குவாரு. அக்காவால இப்ப ரெண்டு தறில உக்கார முடியாது. நம்முளுது முடியறதுக்குள்ள பரிட்சையே முடிஞ்சிடும்."

"அறுக்காமயே அடுத்த பாடமா?"

அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "அந்தப் பொடவக் கணக்கு எனக்கோசரம் வெச்சது இல்லப்பா. அம்மாவுக்கு வேல நடக்கணும். எனக்குப் படிப்பு நடக்கணும். ரெண்டையும் ஒன்னா முடிஞ்சி வெச்சிக்கிச்சி. இப்ப வேல வேற வூட்ல நடக்குது. நான் அங்க போறேன்."

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பக்கத்தைத் தாண்ட மறுத்தவள் இவள். அம்மாவின் விதியைக் காப்பாற்றவும் தெரிந்தது, எங்கே விட வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. நான் போகவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டு நதியா வீடு வரை கூட நடந்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரம்மா லேட்டு" என்று நதியா கத்தினாள்.

கடைசியாக ஒரு சிக்கல் இருந்தது. அதையும் எப்சிபாதான் கண்டுபிடித்தாள். தேர்வு அறையில் பேசக் கூடாது. அவளுக்கு வாய்விட்டுச் சொல்லாமல் எதையும் யோசித்துப் பழக்கம் இல்லை. ஆறு வருடமும் கத்தியே படித்தவள். மாதிரித் தாள் எழுதும்போது முணுமுணுப்பு தானாக வந்தது. வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள். பிறகு ஒரு வழி செய்தாள். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு எழுதினாள். தண்ணீரை விழுங்கிவிட்டால் அந்த விடை செல்லாது, முதலிலிருந்து எழுத வேண்டும். இதுவும் அவள் விதிதான். நதியா பக்கத்தில் இருந்துகொண்டு வேண்டுமென்றே கதை சொல்வாள். இரண்டு தாள் நனைந்து வீணானது. மூன்றாவது தாளை முழுக்க எழுதி முடித்துவிட்டு வெளியே போய்த் துப்பினாள். வாய் வலிக்கிறது என்றாள். மறுநாளும் அப்படியே எழுதினாள்.

தேர்வு ஐந்து நாள். லீவு போட்டேன். தினமும் அந்தப் பள்ளி வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றேன். மற்றப் பெற்றோர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வெளியே வந்ததும் எழுதியதைச் சொல்ல மாட்டாள். விட்டதை மட்டும் சொல்வாள். அடித்துவிட்ட பாடங்களிலிருந்து சமூக அறிவியலில் இரண்டு பெரிய கேள்விகள் வந்திருந்தன. "வரும்னு தெரியும்" என்றாள். ஐஸ் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள்.

முடிவு அக்டோபரில் வந்தது. வாரவிடுமுறை நாள். நதியா வீட்டில் இருந்தோம். இணையதளம் திறக்க நேரம் பிடித்தது. பதிவு எண்ணை நான் அடித்தேன். தவறாக அடித்தேன். எப்சிபா போனை வாங்கி அடித்தாள்.

தமிழ் எழுபத்தொன்று. ஆங்கிலம் முப்பத்தெட்டு. கணக்கு ஐம்பத்து நான்கு. அறிவியல் எண்பது. சமூக அறிவியல் முப்பத்தாறு.

நதியா தறிக்குழியிலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினாள். "எம்பொண்ணு பாஸூ" என்று கத்தினாள். பக்கத்து வீடுகளில் தறிகள் நின்றன. பெண்கள் வந்தார்கள். எப்சிபா முப்பத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேற வேண்டியதைவிட ஒரே ஒரு மதிப்பெண் கூட. திரையைப் பெரிதாக்கி அதை மறுபடி மறுபடி பார்த்தாள். அப்போதுதான் அவளும் இத்தனை நாள் பயந்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் தோளில் கையை வைத்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

இப்போது தெருவில் வேறு மாதிரி சொல்கிறார்கள். எப்சிபா அன்று கிரேஸ் படத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, உன் ஆசைய நெறவேத்திட்டேன்" என்று அழுதாளாம். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

தாவீதுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நல்லாரும்மா. ஆஸ்டல்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேன். இனிமே மாமா உன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

எப்சிபா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கேளுங்க மாமா. ஒம்போதாவதுக்குக் கேள்வி கேக்க ஆளு பத்தல."